காது வெட்டாத கன்று

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைக்கச் சொல்லி உன் அப்பா பத்திரிகைக் கட்டை என் முன்னால் போட்டுவிட்டுப் போனார். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து முதல் பத்திரிகையைக் கையில் எடுத்தேன். உன் பெயருக்குக் கீழே பெற்றவர்களாக எங்கள் இருவர் பெயரும், மணமகள் அபிநயா பெயருக்குக் கீழே அவள் அப்பாவாக என் தம்பி பெயரும் இருந்தன. எடுத்ததைக் கட்டின் மேலேயே வைத்துவிட்டேன். மஞ்சள் கிண்ணத்தில் காய்ந்து வெடித்துவிட்டது. கட்டு அரிசி டிரம் மேல் கிடக்கிறது. அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது "ஆச்சா?" என்கிறார். "ஆகல" என்கிறேன். குழம்பு ஊற்றுகிறேன்.

இதை உன் போனுக்கு அனுப்பியிருக்கலாம். நீ பாதி படித்துவிட்டு "அப்புறம் பேசுறேம்மா" என்று ஷிப்டுக்குப் போயிருப்பாய். இருபது வருடத்துக்கு மேல் ஜெயங்கொண்டம் வட்டாரத்திலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பியவள் நான். லாரி மோதிச் செத்தவன் வீட்டு வாசலில் நின்று, அவன் பெண்டாட்டி அழுது ஓயும்வரை காத்திருந்து, பெயர் என்ன, வயது என்ன, எத்தனை பிள்ளை என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டுச் சாவை ஊர் படிக்கலாம் என்றால் நம் வீட்டில் நடந்ததையும் படிக்கலாம். அதனால் இதை அதே நாளிதழுக்குத்தான் கொடுக்கிறேன். உன் மாமா படிப்பான். உன் அப்பாவுக்கு டீக்கடையில் யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். காட்டட்டும்.

போன வாரம் நீ போனில் கேட்டாய்: "ஏம்மா, நீயும் அப்பாவும் சொந்தந்தான். நான் நல்லாதானே இருக்கேன்?" நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நீ அபிநயாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லை தம்பி. நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. பதில் நம் தொழுவத்தில் இருக்கிறது. நீ எட்டாம் வகுப்பிலிருந்து விடுதியில் இருந்தவன். பிறகு காலேஜ், பிறகு ஓசூர். தொழுவத்தில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. லீவுக்கு வரும்போது காளையோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய், அவ்வளவுதான்.

மீன்சுருட்டிப் பக்கம் பொலிகாளை நிற்கும் வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் நம் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். பருவத்துக்கு வந்து கத்துகிற பசுவை நடத்தியும், தூரமாக இருந்தால் குட்டி யானை வண்டியில் ஏற்றியும் கொண்டுவருவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுவார்கள். அதில் பிறக்கும் கன்று பால் கறக்கும், வண்டி இழுக்காது. கொள்ளிடக்கரையில் மணல் வண்டி ஓட்டியவர்களுக்கும், கரும்பு ஏற்றுகிறவர்களுக்கும் கழுத்துக் கனத்த, குளம்பு இறுகிய மாடு வேண்டும். அதற்கு நம் காளை வேண்டும். பசுவை இரண்டு முளைக்கு நடுவில் நிறுத்திக் கட்டுவார் அப்பா. காளையைக் கொண்டுவந்து விடுவார். வேலை முடிந்ததும் பசுவின் முதுகில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, "ஓட்டிட்டுப் போ, படுக்க வுடாத" என்பார். அப்படி உருவான காளைக்கன்றுகள் இரண்டு வயதில் காயடிபட்டு, மூக்குக் குத்தப்பட்டு, ஆற்று மணலில் முட்டி தேய இழுத்து, கடைசியில் அடிமாட்டு லாரியில் ஏறும். லாரி நம் வாசல் வழியாகத்தான் போகும். அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த ஓரத்துல நிக்கிறது நம்ம பெரியவன் கன்னு" என்பார். துக்கமாகச் சொல்ல மாட்டார். அடையாளம் சொல்வார்.

பெரியவன் என்பது அப்போது நின்ற காளை. மயிலை நிறம், திமில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அப்பாவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பெரியவனுக்குப் பிறந்த கிடேரி எதுவும் பெரியவனிடமே வரக் கூடாது. தகப்பனை மகளோடு சேர்த்தால் வம்சம் நொடிக்கும் என்று அவர் அப்பா காலத்திலிருந்து வந்த கட்டு அது. ஆனால் கிடேரி கை மாறும், ஊர் மாறும். மூன்று வருடம் கழித்து வந்து நிற்கும்போது எது யார் மகள் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் காது வெட்டு. நம் காளைக்குக் கன்று பிறந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அப்பா போய், கன்றின் தலையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது காது நுனியில் கத்தியால் ஒரு முக்கோணம் எடுப்பார். அடுத்த காளை நிற்கும் காலத்தில் இடது காது. வெட்டின இடத்தில் சாம்பலை அப்புவார். கன்று கதறும், தாய்ப்பசு கயிற்றை இழுக்கும், ரத்தம் அப்பாவின் முழங்காலில் சொட்டும். அவர் பேசிக்கொண்டே வெட்டுவார். "இப்ப அளுவட்டும். நாளைக்கி இது வவுத்துல கோணக்கன்னு வந்தா நீதான் அளுவ" என்று மாட்டுக்காரரிடம் சொல்வார். தொழுவத்துக்கு எந்தப் பசு வந்தாலும் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்ப்பார். வலது காதில் வெட்டு இருந்தால் கயிற்றைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும் சரி.

இந்த மனுஷனுக்குத்தான் என்னைக் கட்டிவைத்தார்கள். அவர் என் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. நான் பிறந்த அன்றே என் கையில் காசு வைத்து, "இது எனக்கு" என்று சொன்னாராம். அவருக்கு அப்போது பதினொரு வயது. எல்லாரும் சிரித்தார்கள். நான் பிளஸ் டூ முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாலியை எடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை என்று நான் இதுவரை சொல்லிக்கொண்டதில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவு சாதாரணமாக இருந்தது அது. எதிர் வீட்டிலும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். எல்லாருக்கும் கோளாறு வருவதில்லை. வராத வீடுகளைக் காட்டித்தான் அடுத்த கல்யாணத்தைப் பேசுவார்கள்.

நமக்கு வளர்மதி வந்தாள். உன்னைவிட மூன்று வயது மூத்தவள். காது கேட்காது. கழுத்து நிற்க இரண்டு வருடம் ஆனது. கால் நிற்கவே இல்லை. திருச்சியில் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "சொந்த அக்கா பொண்ணு சார்" என்றார். பரிசு வாங்குகிறவர் பெயர் சொல்வதுபோல் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்க குடும்பத்துல இனிமே சொந்தத்துக்குள்ள பண்ணாதீங்க. இந்தக் கோளாறு வெளிய தெரியாம ரத்தத்துல ஓடும். ரெண்டு பக்கமும் அது இருந்தா பொறக்குற புள்ள கிட்ட வந்துரும்" என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா பீடியைப் பற்றவைத்து, "அந்தாளுக்குச் சொந்தக்காரன் எவனும் இல்ல போலருக்கு" என்றார். பஸ்ஸில் அரியலூர் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தார். வளர்மதி என் மடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்து நீ பிறந்தாய். கையும் காலும் கண்ணும் காதும் சரியாக இருந்தன. தலைமாட்டில் யாரோ கைதட்டினார்கள்; நீ திடுக்கிட்டு அழுதாய். உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் போனார். "டாக்டர் என்னமோ சொன்னாரே, கூப்புடுங்க அந்தாள" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

நீ விடுதிக்குப் போன மறுவருடம் கலியபெருமாள் வந்தார். கீழப்பழுவூர்க்காரர், நான்கு ஜோடி வண்டிமாடு வைத்திருந்தவர், உன் அப்பாவுக்குப் பழக்கம். குட்டி யானையிலிருந்து ஒரு கிடேரியை இறக்கினார். நல்ல கட்டான மாடு, இரண்டு நாளாகக் கத்துகிறது என்றார். வளர்மதியின் கயிற்றுக்கட்டில் வேப்பமரத்தடியில் கிடந்தது. அவளுக்குக் காளை வருவது பிடிக்கும். சத்தம் கேட்காதே தவிர, பெரியவன் நடந்து வந்தால் அதிர்வு கட்டில் கால் வழியாக ஏறி அவள் முதுகுக்குத் தெரியும். அப்போது ஒரு பக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்கும் சிரிக்கத் தயாராகக் கிடந்தாள். தொழுவத்தில் வேறு மாட்டுக்காரர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அப்பா கிடேரியின் இடது காதைப் பார்த்தார். வலது பக்கம் போனார். வலது காதில் பாதி இல்லை.

"காது எங்கய்யா?"

"நாய் கடிச்சிட்டுண்ணே. கன்னா இருக்கயில."

"உங்க ஊரு நாய் கத்திரிக்கோலு வச்சிருக்கா? நேரா வெட்டிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலியபெருமாளுக்கு முகம் கறுத்தது. "அண்ணே, வித்தவன் ஏமாத்திட்டான். எனக்குத் தெரியாது. இன்னிக்கித் தப்பிச்சா இன்னும் மூணு வாரம் காத்துக் கெடக்கணும். வண்டி வச்சிக் கொண்டாந்துட்டேன். ஒரு தடவைதானே" என்றார்.

"தகப்பன மவ கிட்ட வுடச் சொல்றியா? நீ மனுசனா? ஏத்து வண்டில."

அதோடு முடிந்திருக்க வேண்டும். கலியபெருமாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பினார். திரும்பினவர் கண்ணில் கட்டில் பட்டது. நின்றார். "மாட்டுக்கு மட்டும் இவ்வளவு சட்டம் பேசுறியேண்ணே" என்றார். "உன் வூட்டுல யாரு காதப் பாத்து அக்கா மவளக் கட்டுன? அந்தா படுத்துக் கெடக்கே, அது எந்த நாய் கடிச்சது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வளர்மதி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பருத்திக்கொட்டை ஆட்டிய கையோடு சமையலறை வாசலில் நின்றேன். உன் அப்பா அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய்ப் பெரியவனை அவிழ்த்தார். "கொண்டா. கட்டு அத" என்றார். "ரத்தம் ஒண்ணா இருந்தா என்னா ஆவுதுன்னு ஊரே பாக்கட்டும். கன்னு முழுசா வரும். வந்தா அத நானே வாங்கிக்கிறேன். அன்னிக்கி உன் வாயில சாணியத் திணிக்கிறேன்." தன் கையாலேயே மகளைத் தகப்பனுக்குக் கட்டினார். பெரியவன் நடந்து வந்தது. வளர்மதி சிரித்தாள்.

கன்று முழுசாக வந்தது, தம்பி. அதுதான் நம் வீட்டுக்கு வந்த கேடு. கோணலும் மாணலுமாக ஒரு கன்று விழுந்திருந்தால் உன் அப்பா அன்றைக்கே திருந்தியிருப்பார். விழுந்ததோ வெண்ணெய் திரட்டியதுபோல ஒரு காளைக்கன்று. ஈரம் காய்வதற்குள் எழுந்து நின்றதாம். பால் மறந்ததும் அப்பா போய் வாங்கி வந்தார். வாயில் சாணி திணிக்கவில்லை. கலியபெருமாளின் தோளில் துண்டு போட்டார். சின்னவன் என்று பெயர் வைத்தார். தெருவில் நடத்திக்கொண்டு போகும்போது, உன்னைத் தூக்கிப்போன அதே வாசல்களில் நின்றார். "தகப்பனுக்கும் மவளுக்கும் பொறந்தது. என்ன கொறை இருக்கு, சொல்லு பாப்பம்" என்றார். குறை இல்லை. நீயும் அந்த வருட லீவில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தாய். அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. முழுசாகப் பிறந்த இரண்டு பேர்.

அதற்குப் பிறகு அப்பா காது வெட்டுவதை நிறுத்திவிட்டார். கன்று பிறந்ததைச் சொல்ல வந்தவர்களிடம், "எதுக்குய்யா பச்சக்கன்ன அறுக்கணும், பாவம்" என்றார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போகும் வழியில் காளையைப் பார்க்க வந்த டீச்சரம்மா ஒருவர், வாயில்லாத ஜீவனுக்கு வலிக்கும் என்று இப்போதாவது தெரிந்ததே என்று பாராட்டிவிட்டுப் போனார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பெரியவன் முடிந்தது, மற்றவற்றைப்போல அதுவும் லாரியில்தான் ஏறியது. அந்த இடத்தில் வெளியூர்க் காளை ஒன்றை வாங்கி நிறுத்துவதுதான் வழக்கம். அப்பா சின்னவனை நிறுத்தினார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பசுக்கள் பெரியவனின் மகள்கள், பேத்திகள். எல்லாம் சின்னவனுக்கு அக்கா தங்கை முறை, அக்கா மகள் முறை. இளசுகளின் காதில் அடையாளம் இல்லை; பழைய பசுக்களின் காதில் இருந்த அடையாளத்தை யாரும் பார்க்கவில்லை.

நடுவில் வளர்மதி போனாள். சளிக் காய்ச்சல்தான். மூச்சு வாங்கிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது. நீ விடுதியிலிருந்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள், உன்னால் முகம் பார்க்க முடியவில்லை. அதற்காக நீ என்னிடம் சண்டை போட்டாய். வெயிலைக் காரணம் சொன்னேன். காரணம் வெயில் இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு உன் அப்பா சொன்னது இது: "சீக்கிரம் எடுத்தது நல்லதாப் போச்சு. வளந்த பய, பாத்தா மனசுல நிக்கும். நாளைக்கி அவனுக்கும் நம்ம வகையிலதானே பொண்ணு எடுக்கணும்." அவள் கட்டிலில் தலையணைக் குழி மறையவில்லை. உனக்கு அப்போதுதான் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அபிநயா பாவாடை சட்டை போட்டுக்கொண்டு என் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் குருட்டுக்கன்று பிறந்தது. வண்டிக்காரர் கொண்டுவந்து காட்டினார். கண் இருந்தது, பாலாடை படிந்ததுபோல வெளுத்திருந்தது. "தாய்க்குத் தீனி பத்தல" என்றார் அப்பா. அடுத்தது முன்னங்கால் மடங்கிய கன்று. "வவுத்துல கெடந்த கெடக்கை சரியில்ல." பிறகு செத்துப் பிறந்தவை. பிறகு மறுபடி குருடு. அவற்றை யாருக்கும் தெரியாமல் கறிக்கடைக்கு அனுப்பும் வேலையையும் அப்பாவே எடுத்துக்கொண்டார். குருட்டுக்கன்று வண்டியில் ஏறாது, தம்பி. பலகை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. காலைத் தூக்கித் தூக்கி வெறும் காற்றில் வைக்கும். இரண்டு பேர் வாலை முறுக்கித் தள்ளுவார்கள். அப்படி விழுந்து தாடை உடைந்த ஒன்றை நான் பார்த்தேன். உடைந்த தாடையோடு அது அம்மா என்று கத்தியது. அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

இந்த ஐப்பசியில் கலியபெருமாள் மறுபடி வந்தார். வண்டிமாட்டை எல்லாம் விற்றுவிட்டு ஒரே ஒரு பசு வைத்திருக்கிறார், வயதாகிவிட்டது. அப்பா வீட்டில் இல்லாத நேரம். கையில் ஒரு கிடேரிக்கன்று. கேட் கம்பியில் அதைக் கட்டினார். "என் பசு வவுத்துல பொறந்தது, உன் வூட்டுச் சின்னவனுக்கு. ரெண்டு கண்ணும் இல்ல" என்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. "அன்னிக்கி உன் பொண்ணப் பாத்து அப்படிக் கேட்டிருக்கப்படாதும்மா. அதுக்கும் சேத்து நான்தான் தண்டம் அளுவுறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். கன்று அவர் போன திசைக்கு எதிர்த்திசையில் தலையைத் தூக்கி நின்றது.

அப்பா வந்தார், பார்த்தார். இரண்டு நாள் சின்னவனுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கிடுக்கியோடு ஆளை வரவழைத்தார். இத்தனை வருடம் பொலிகாளையாக நின்று கொழுத்த மாட்டைக் காயடிப்பது கன்றுக்குச் செய்வதுபோல் இல்லை. ஆறு பேர் வடம் போட்டுச் சாய்த்தார்கள். அப்பா மூக்கணாங்கயிற்றைத் தன் காலில் சுற்றி மிதித்துக்கொண்டார். கிடுக்கி இறுகியபோது சின்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டது. வாயிலிருந்து வந்த ரத்தம் மண்ணில் பரவியது. ஒரு பக்கம் ஆனது. மறுபக்கத்துக்குக் கிடுக்கியை மாற்றும்போது அது மூத்திரம் விட்டது. "இந்த வம்சம் இதோட நிக்கட்டும்" என்றார் அப்பா. எனக்குக் கேட்டது. ஆறு பேருக்கும் கேட்டது. நான் அந்த நிமிஷம் அவரை மன்னித்தேன் என்றே சொல்லலாம். கடைசியில் இந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது, நம் பிள்ளை பிழைத்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் போனார். சாயங்காலம் உன் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரியோடு வந்தார். பிள்ளையார் படம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

"மாமா" என்றேன். இந்த ஒன்றை மட்டும் இன்னும் நான் மாற்றவில்லை. பிறந்ததிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். "நேத்து அந்த மாட்ட எதுக்கு மாமா அப்படிப் பண்ணீங்க?"

"ரத்தம் கெட்டுப் போச்சு புள்ள. இனிமே வுடக் கூடாது."

"அப்ப இவனுக்கு?"

அவருக்கு நான் கேட்டது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது மாடு" என்றார். "இது குடும்பம். உன் தம்பிக்கி வாக்குக் குடுத்துட்டேன்." என் தம்பி பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, எம்பொண்ணு உனக்கு வேணாமா?" என்று கேட்டான். அபிநயா எனக்கு வேண்டும், தம்பி. அவள் என் வளர்மதிக்கு நகம் வெட்டிவிட்டவள். வேண்டும் என்பதனால்தான் சொல்கிறேன், அவள் அடுத்த வளர்மதியை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரக் கூடாது.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ நன்றாகத்தான் இருக்கிறாய். சின்னவனும் நன்றாகத்தான் இருந்தது. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற பயமே அதுதான். நீ கோணலாகப் பிறந்திருந்தால் உனக்கு யாரும் பெண் தர மாட்டார்கள். இந்தக் கோளாறு உன்னோடு நின்றிருக்கும். ஒரு தாய் எழுதக் கூடாத வாக்கியம் இது. எழுதிவிட்டேன், அடிக்கவும் மாட்டேன். கல்யாணம் நடந்தால் மணவறையில் என் இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள். உன் அப்பாவுக்கு அக்காமார் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் நின்றாலும் ஒரே ரத்தம்தான், வித்தியாசம் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அபிநயா சேலைக்கு அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தாள். நான் கலியபெருமாள் விட்டுப்போன குருட்டுக்கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்து புட்டியை வாங்கிக்கொண்டாள். கன்று காம்பைத் தேடி அவள் முழங்கை, இடுப்பு, கன்னம் என்று முட்டியது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதன் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். "இது யாரு கன்னு அத்தை?" என்றாள். சின்னவன் கதையைச் சொன்னேன், இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பால் கொடுத்தாள். புட்டி காலியான பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் வேணாம்னு சொன்னா எங்கப்பா என்னைய வெட்டிப் போட்டுருவாரு அத்தை. படிச்ச திமிருன்னு சொல்லுவாரு. அத்தான் சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். "அத்தான் பொங்கலுக்கு வந்தா மொதல்ல இதக் காட்டுங்க. அப்பறமா என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க." ஜாக்கெட் பையை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு நீ வருகிறாய். மஞ்சளை மறுபடி குழைத்து வைக்கிறேன். தடவுவதா, பத்திரிகைக் கட்டை அப்படியே அடுப்பில் வைப்பதா என்று நீ சொல்லும் வரை தொட மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் கேட் பக்கத்தில் அது கட்டியிருக்கும். உன் காலடி கேட்டுத் தலையைத் தூக்கும், நீ நிற்காத பக்கம் பார்க்கும். போனை எடுக்காதே. குனிந்து அதன் காதைத் தொட்டுப் பார். வலது காது, இடது காது. இரண்டும் முழுசாக இருக்கும், தம்பி. ஒரு வெட்டு இருக்காது.